கோர் 2 டுவோவில் விண்டோஸ் 11 ஏன் எழவில்லை?

வணக்கம் நண்பரே. உங்கள் கோர் 2 டுவோ (இன்டெலின் பழைய செயலி) கணினியில் டிபிஎம் (பாதுகாப்புச் சில்லு) சோதனையைத் தாண்டிப் போட்ட விண்டோஸ் 11-இன் 23எச்2 பதிப்பு ஓடியது, அடுத்த பதிப்பான 24எச்2 போட்டதும் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். ராமை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்; கோளாறு அதில் இல்லை. 24எச்2-க்குப் 'பாப்கவுண்ட்' என்ற செயலிக் கட்டளை கட்டாயம். இன்டெல் அதை 2008-இல் வந்த நெஹாலம் செயலிகளில்தான் சேர்த்தது. உங்களுடையது அதற்கு முந்தைய தலைமுறை. டிபிஎம் சோதனை வாயிற்காவலர் போன்றது, தாண்டிவிடலாம். செயலியே அறியாத கட்டளைக்கு எந்தக் குறுக்குவழியும் கிடையாது.

முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே இயக்கி, எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். பிடித்திருந்தால் அதையே நிறுவிவிடுங்கள். 4 ஜிபி ராமும் சிறிய எஸ்எஸ்டியும் இருந்தால் அந்தக் கணினி இன்னும் உழைக்கும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு.