உப்பு லோடு லாரியில் அலுமினியம் வெள்ளை பூத்துவிட்டது, ஆசிட் வாஷ் போடலாமா?

வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் லோடு எடுக்கும் லாரி. டீசல் டேங்க், ஃபுட்போர்டு, அலுமினிய வீல் மூன்றும் மங்கி வெள்ளை பூத்திருக்கின்றன. வாட்டர் சர்வீஸில் ஆசிட் போட்டுக் கழுவச் சொல்கிறார்கள். கேள்வி இதுதான்.

போடாதீர்கள். அந்த ஆசிட் பெரும்பாலும் பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அலுமினியத்தைக் காப்பதே அதன் மேலுள்ள சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்சைடு படலம்தான். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைத்து உள்ளே இறங்குகிறது. ஆசிட்டில் இருப்பதும் அதே குளோரைடு. அன்றைக்கு வெளுத்துத் தெரியும், கொஞ்ச நாளில் முன்னைவிட மோசமாகப் பூக்கும். காஸ்டிக் சோடா கலந்த டிகிரீசரும் (எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் கரைசல்) ஆகாது, உலோகம் கறுத்துப்போகும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த பிரைட்னர் (அலுமினியத்தை வெளுக்க வைக்கும் கரைசல்) இன்னும் ஆபத்து: தோலில் பட்டால் சில நேரம் உடனே வலிகூடத் தெரியாது, ஆனால் எலும்பு வரை அரிக்கும். வண்டி கழுவும் பையன்கள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

நாச்சியார்கோவில் விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும். அது பித்தளை. அலுமினியத்தில் பளபளப்பு, அரிபட்ட மேல்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கினால்தான் வரும்.

முதலில் ஒரு சோதனை. வெள்ளைத் துணியில் கொஞ்சம் மெட்டல் பாலீஷ் எடுத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்கவில்லை என்றால் மேலே கிளியர் கோட்டோ (நிறமில்லாத பெயின்ட் பூச்சு) அனோடைசிங்கோ (மின்சாரம் பாய்ச்சித் தடிமனாக்கிய ஆக்சைடு படலம்) இருக்கிறது. கிளியர் கோட் என்றால் பெயின்ட் ரிமூவர் போட்டு எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. அனோடைஸ் செய்த பாகத்தில் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் காப்புப் படலமே போய்விடும், சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலை நிழலில், உலோகம் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் நடக்கட்டும். கார் ஷாம்பு போட்டு நைலான் பிரஷ்ஷால் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பைக் (சிட்ரிக் அமிலம், சமையல் உப்பு இல்லை) கரைத்து, கீழிருந்து மேலாகப் பூசி, காயவிடாமல் ஐந்து நிமிடம் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். லேசான வெள்ளை இதிலேயே போய்விடும்.

அடுத்ததைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. டீசல் டேங்க்கைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையைக் கழற்றிப் பாருங்கள் (டேங்க் காலியாக இருக்கும்போது, ஜாக்கி முட்டுக் கொடுத்து). அடியிலுள்ள ரப்பர் உப்புத் தண்ணீரைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். அதைத் தூக்கினால் சுண்ணாம்புக் குழம்பு போல ஒரு வெள்ளை, அதைத் துடைத்தால் மிளகளவு குழிகள். டேங்க் ஓட்டையாவது இங்கேதான், வெளியே தெரியும் முகத்தில் இல்லை. குழி ஆழமாக இருந்தால் பாலீஷ் செலவு வீண், டேங்க்கை மாற்ற வேண்டும். இல்லையென்றால் சுத்தம் செய்து, புது ரப்பர் வைத்துப் பூட்டுங்கள். டேங்க்கிலும் ஃபுட்போர்டிலும் அலுமினியத்தில் இறங்கும் போல்ட்டுக்கு நைலான் வாஷர் அவசியம். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் துருப்பிடிக்காது என்று நம்பி நேரடியாகப் போட்டால், உப்பு ஈரத்தில் அது பக்கத்து அலுமினியத்தை அரிக்க வைக்கும்.

வழவழப்பான பரப்புக்கு வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் எமரி பேப்பர், எண் கூடக்கூட நைசாக இருக்கும்): 400, 600, 800, 1000, 1500. தண்ணீர் விட்டுக்கொண்டே, ஒவ்வொரு பேப்பரையும் முந்தையதற்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். முந்தைய கோடு முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்தது. 400-இன் கோடு ஒன்று தங்கினாலும் கடைசி பாலீஷில் அது எடுப்பாகத் தெரியும். அரிப்பு லேசாக இருந்தால் 800-லேயே தொடங்கலாம். ஸ்டீல் வுல் வேண்டாம், அதன் இரும்புத்தூள் அலுமினியத்தில் பதிந்து துருப்புள்ளியாகும்.

பஃபிங்குக்கு (துணிச் சக்கரத்தால் பளபளப்பாக்குவது) வேகம் மாற்றக்கூடிய பாலிஷரை 2000 ஆர்பிஎம் அளவில் வைத்து, பழுப்பு பாலீஷ் சோப்பு (கட்டியான பாலீஷ்), பிறகு வேறொரு பஃப் வீலில் வெள்ளை பாலீஷ் சோப்பு. நாலு அங்குல கிரைண்டர் 11,000-இல் சுற்றும், பரப்பைச் சுட்டு வட்டம் வட்டமாகத் தழும்பு போடும். டேங்க் மூடியை இறுக்கிவிடுங்கள். முகத்துக்கு மாஸ்க், கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் இரும்பு கிரைண்டிங் நடக்கக் கூடாது, அலுமினியத் தூள் தீப்பற்றும்.

ஃபுட்போர்டைப் பளபளப்பாக்க வேண்டாம், கால் வழுக்கும். சுத்தம் மட்டும் போதும். வீலில் நட் உட்காரும் இடத்திலும் டிரம்மோடு ஒட்டும் முகத்திலும் பேப்பரோ மெழுகோ படக் கூடாது.

பாலீஷ் முடிந்த அன்றே கார்னாபா மெழுகு (கார் வாக்ஸ்) பூசுங்கள். உப்பு லோடு ஓடும்வரை மாதம் ஒருமுறை அதைத் திரும்பப் போடுங்கள். பளபளப்பின்மேல் கிளியர் கோட் அடிக்கச் சொல்வார்கள். அது சரியாகப் பிடிக்காது, ஓரத்தில் உரிந்ததும் உப்பு அடியில் புகுந்து புழு ஊர்ந்த தடம் போல அரித்துக்கொண்டே போகும்.

வாரம் ஒருமுறை கழுவும்போதும் இதைக் கவனியுங்கள். கடலோரத்தில் போர் தண்ணீரே பல இடங்களில் உப்பு. கடைசி இரண்டு வாளி மட்டுமாவது நல்ல தண்ணீராக ஊற்றி, பட்டையின் ஓரத்தைத் துணியால் ஒற்றியெடுங்கள்.