மருத்துவ சீட்டுக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள், அவள் புரதம் படிக்கட்டும்

"மகள் இரண்டு முறை மருத்துவ நுழைவுத்தேர்வு எழுதிவிட்டாள், கிடைக்கவில்லை. இப்போது ஆமணக்கு விதையில் இருக்கும் விஷப் புரதத்தைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்கிறாள். வீட்டை அடகு வைத்தாவது பணம் கட்டி மருத்துவத்தில் சேர்த்துவிடு என்கிறார் என் அண்ணன்" என்று ஒரு தந்தை எழுதியிருக்கிறார்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் வீட்டை அடகு வைக்காதீர்கள். மருத்துவத்துக்கு ஆதரவாக நீங்கள் எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்றுகூட உங்கள் மகள் சொன்னதில்லை. எல்லாம் அவள் பெரியப்பா சொன்னவை. வேண்டாத படிப்பையும் அதற்கு வாங்கிய கடனையும் ஒரே பிள்ளையின் தலையில் ஏற்றுவதை அக்கறை என்று என்னால் சொல்ல முடியாது. பொறியியல், செவிலியம், மருந்தாளுநர் படிப்பு பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

"விஷத்தைப் படித்து என்ன கிழிக்கப் போகிறாள்?" என்று அந்தப் பெரியப்பா கேட்டாராம். நல்ல கேள்விதான், பதில் சொல்கிறேன்.

செல்லுக்குள் புரதம் தயாரிப்பவை ரைபோசோம்கள். ஆமணக்கின் ரிசின் புரதத்துக்கு இரண்டு சங்கிலிகள். பி சங்கிலி செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய வழி செய்கிறது. ஏ சங்கிலி, ரைபோசோமில் உள்ள ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. என்ற நீண்ட மூலக்கூறிலிருந்து அடினின் என்ற ஒரே ஒரு எழுத்தை மட்டும் கழற்றி எடுக்கிறது. அதோடு அந்த ரைபோசோம் முடங்கிவிடும். ஸ்டில்மார்க் என்ற ஆய்வாளர் 1888இல் ரிசினைக் கண்டறிந்தார். அது கைவைக்கும் துல்லியமான இடத்தை யாயேட்டா எண்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழு 1987இல்தான் காட்டியது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியாவின் ஷிகா நச்சும் அதே அடினினைத்தான் கழற்றுகிறது என்பது பிறகு தெரியவந்தது.

பயன் என்ன? ஜெர்மானிய மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் 1891இல் ரிசினையும் குன்றிமணியில் உள்ள அதே வகை நச்சான அப்ரினையும் எலிகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துத்தான், உடல் நச்சுக்கு எதிர்ப்புச் சக்தி பெறுவதை அளந்து காட்டினார். சப்போனேரியா செடியின் சப்போரின் என்ற இதே வகைப் புரதத்தை, குறிப்பிட்ட செல்லை மட்டும் தேடிப் பற்றும் ஆன்டிபாடியோடு இணைத்து, ஆய்வு விலங்குகளில் குறிப்பிட்ட நரம்பணுக்களை மட்டும் நீக்கிப் பார்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது கோதுமைக் கதை. கோதுமை மணியின் மாவுப் பகுதியில் ட்ரிடின் என்ற இதே வகைப் புரதம் இருக்கிறது. முளைக்கருவின் சாற்றைக் கொண்டு சோதனைக் குழாயில் புரதம் தயாரிக்கும்போது, சாற்றில் கலந்துவிடும் ட்ரிடின் ரைபோசோம்களை முடக்கியது. முளைக்கருவை நன்றாகக் கழுவிவிட்டு நீண்ட நேரம் புரதம் தயாரிக்க வைத்த முறையை எண்டோ குழு 2000இல் வெளியிட்டது. விஷத்தைப் படித்தவர்தான் அந்தத் தடையை நீக்கினார்.

உங்கள் மகள் கையில் வர வேண்டிய தொழில் புரதச் சுத்திகரிப்பும் அதன் சோதனைகளும். உறவினர் யாரும் இதன் பெயரைச் சொல்லமாட்டார்கள். தாவரச் சாற்றை வடிகட்டுவது, அமோனியம் சல்ஃபேட் சேர்த்துப் புரதத்தைத் திரள வைப்பது, குரோமட்டோகிராஃபி தூண்களில், அதாவது புரதங்களைப் பிரிக்கும் பொருள் நிரப்பிய குழாய்களில், இறக்கிப் பிரிப்பது, மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஓட்டி ஒரே கோடு வருகிறதா என்று பார்ப்பது. பிறகு முயலின் இளம் சிவப்பணுச் சாற்றில் அதைச் சேர்த்து, புரத உற்பத்தி எந்த அளவில் பாதியாகக் குறைகிறது என்று அளப்பது. அடினின் போன இடத்தில் அனிலின் என்ற ரசாயனம் பட்டால் ஆர்.என்.ஏ. உடையும். ஜெல்லில் சின்னத் துண்டு ஒன்று தனிக் கோடாகத் தெரிந்தால் புரதம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். சோதனை சொதப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அது அடிக்கடி நடக்கும். இன்சுலினும் ஆன்டிபாடி மருந்துகளும் இதே மாதிரியான தூண்களில்தான் சுத்தமாகின்றன. அதனால் இந்தக் கைப்பழக்கம் உள்ளவருக்கு ஆமணக்கை விட்டு விலகினாலும் மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டிலும் உற்பத்தி முறை மேம்பாட்டிலும் இடம் உண்டு.

படிப்பு வரிசை: உயிர்வேதியியல் அல்லது தாவரவியலில் இளநிலை, பிறகு உயிர்வேதியியலில் முதுநிலை. இளநிலையோடு நிறுத்தினால் சம்பளம் சொற்பம்தான், அதை மறைக்க மாட்டேன். ரிசின் போன்ற தாவர நச்சுப் புரதத்தை ஆன்டிபாடியோடு இணைத்துச் செய்த புற்றுநோய் மருந்து எதுவும் இன்னும் ஒப்புதல் பெறவில்லை. உடலே அந்தப் புரதத்தை எதிர்த்துவிடுகிறது, ரத்த நாளங்களிலும் கசிவு ஏற்படுகிறது. "நான் கண்டுபிடிப்பேன்" என்ற கனவு அவளுக்கு இருக்கட்டும். ஆனால் வீட்டுச் செலவுக் கணக்கை அந்தக் கனவை நம்பிப் போடாதீர்கள்.

ரிசின், ரசாயன ஆயுத உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இருக்கும் பொருள். எந்த நல்ல ஆய்வகமும் புது மாணவியின் கையில் அதைக் கொடுக்காது. காகிதப்பூச் செடியின் பூகானின் போன்ற ஒற்றைச் சங்கிலிப் புரதங்களில்தான் தொடங்குவார்கள். அவை பி சங்கிலி இல்லாததால் செல்லுக்குள் எளிதில் நுழையாதவை. ஆமணக்கு விதையையோ குன்றிமணியையோ வீட்டில் அரைத்துப் பார்க்கும் ஆசை அவளுக்கு இருந்தால் இன்றே கண்டித்து நிறுத்துங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வகத்தில் நிற்கிறார்கள், தூணைத் தாங்களே ஓட்டுகிறார்களா, ஆசிரியர் செய்வதை வேடிக்கை பார்க்கிறார்களா என்று இறுதியாண்டு மாணவர்களிடமே கேளுங்கள். கேள்வியை அவள் கேட்கட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பெயரில் "பயோடெக்" இருக்கிறது என்பதற்காக இரண்டு மடங்கு கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முனைவர் பட்டத்துக்கு மாத உதவித்தொகை இல்லாத இடத்தில் அவள் சேரவே கூடாது. மூன்றாவது முறை நுழைவுத்தேர்வு எழுதப் பயிற்சி மையத்தில் முன்பணம் கட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், தர மறுத்தால் போகட்டும் என்று விட்டுவிட்டு மீதித் தவணையைக் கட்டாதீர்கள்.