நிலைப்படி இல்லாத வீடு: ஒரு தமிழாசிரியரின் கேள்வி பதில்

அரசுப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சமூக ஊடகங்கள் நம் வீடுகளை என்ன செய்கின்றன என்று நான் பேசியதை ஒட்டிப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். சிலர் என்னைப் பழமைவாதி என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை ஏற்றுக்கொள்கிறேன். என் கவலை இதுதான்: தெருவுக்கு ஒரு முறை, வீட்டுக்கு ஒரு முறை என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் பூசிய நிலைப்படி இருந்தது. சந்தையில் கூவி விற்கிறவன் அதைத் தாண்டி உள்ளே வரமாட்டான். இன்று அவன் நம் குழந்தையின் தலையணைக்கு அடியில் இருக்கிறான்.

ஈரோட்டுக் கல்லூரி மாணவர்: சினிமா வந்தபோதும் டிவி வந்தபோதும் பெரியவர்கள் இதையேதான் சொன்னார்கள். கைப்பேசியைப் பற்றி மட்டும் புதிதாக என்ன சொல்கிறீர்கள், ஐயா?

சொன்னார்கள் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் தூர்தர்ஷனில் 'ஒலியும் ஒளியும்' வெள்ளிக்கிழமை மட்டும் வந்தது. தெருவில் பாதி ஒரே வீட்டில் கூடிப் பார்த்தது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். சினிமாவுக்கும் கடைசியில் ஒரு 'வணக்கம்' இருந்தது. முடிவு என்ற ஒன்று இருந்ததால்தான் அவற்றோடு நம்மால் வாழ முடிந்தது.

2006இல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கம் முடியாமல் உருண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். பிற்பாடு அவரே அதற்காக வருந்தினார். 2009இல் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது. அந்த நிறுவனத்தின் முதல் தலைவரான ஷான் பார்க்கர், மனித மனத்தின் பலவீனம் ஒன்றைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டோம் என்று 2017இல் வெளிப்படையாகப் பேசினார். கட்டியவர்களே சொன்னது இது.

அந்தப் பலவீனம் எது தெரியுமா? ஒரு தடவை விரலால் தள்ளினால் நல்லது வரும், அடுத்த தடவை வராது. எப்போது வரும் என்று தெரியாததால்தான் விரல் நிற்பதில்லை. லாட்டரிச் சீட்டு வேலை செய்ததும் இப்படித்தான். கூலி வாங்கிய கையோடு சீட்டுக்கடைக்குப் போய், அரிசி இல்லாமல் வீடு திரும்பிய தகப்பன்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். 2003இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தது. அன்று அதை யாரும் பழமைவாதம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பெண்: கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதித்தது சரியா? சாமியோடு ஒரு படம் எடுத்துக்கொள்வதில் என்ன தவறு?

திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கூடாது என்று உத்தரவிட்டது. நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன்.

அதன் பிறகு ஒரு கோயிலில் கைப்பேசியைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். முதல் பத்து நிமிடம் கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கைப்பேசி இருந்திருந்தால் அது என் காதில் விழுந்திருக்காது. மகளின் பிரசவத்துக்காக வேண்டிக்கொண்டிருந்தார். திரை விலகியதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். அவர் மகளுக்காகவும் சேர்த்துத்தான் கும்பிட்டேன் அம்மா. இரண்டு கையும் காலியாக இருந்தால்தானே கும்பிட முடியும்?

மதுரையிலிருந்து ஒரு தந்தை: அடுத்த மாதம் மகள் திருமணம். டிரோன், நேரலை, மணமக்கள் நடனம் என்று பிள்ளைகள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். மறுத்தால் மனம் நோகும். என்ன செய்யட்டும்?

எல்லாவற்றையும் மறுக்காதீர்கள். தாலி கட்டும் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

என் உறவில் நடந்த ஒரு திருமணத்தைச் சொல்கிறேன். கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோய்விட்டார். புகைப்படக்காரர், "சார், அப்படியே பிடியுங்கள், இந்தப் பக்கம் பாருங்கள்" என்கிறார். மாப்பிள்ளை பிடித்தபடி சிரிக்கிறார். தவில்காரர் எவ்வளவு நேரம் அடிப்பார்? திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். 80 வயதுப் பாட்டி ஒருவர் எழுந்து நின்று அட்சதை போட்டார். மேடையை மறைத்து நின்ற கேமராக்காரர்கள் மூவரின் முதுகில் போய் விழுந்தது அது. பாட்டி உள்ளங்கையைப் பார்த்தார். இரண்டு மணி அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

திருமணம் என்பது சாட்சிகளுக்கு முன்னால் கொடுக்கும் வாக்கு. வந்திருக்கும் 500 பேரும் பின்னணி ஆகி, வராத ஐயாயிரம் பேர் பார்வையாளர் ஆகிவிட்டால் அது வேறொரு நிகழ்ச்சி. முகூர்த்த நேரத்தில் மேடைக்குக் கீழே நின்றே படம் எடுக்கும்படி இப்போதே பேசி எழுதி வாங்கிவிடுங்கள். மற்றதில் பிள்ளைகள் ஆசைப்படி நடக்கட்டும்.

விழுப்புரத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்: திண்ணை, நிலைப்படி என்று உருகுகிறீர்கள். அந்தத் திண்ணையில் என் தாத்தா உட்கார முடியாது. அந்த நிலைப்படிக்கு வெளியேதான் அவரை நிறுத்தினார்கள். எங்களுக்கு வாய் கொடுத்ததே இந்தச் சமூக ஊடகம்தான். உங்கள் பழமையை நாங்கள் ஏன் காக்க வேண்டும்?

வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். இரண்டு நாள் வைத்திருந்துதான் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது உண்மை. அந்தத் திண்ணையில் பிறந்து வளர்ந்தவன் நான். யார் உட்கார்ந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். அன்று அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த நிலைப்படியைக் காக்க வாருங்கள் என்று உங்களை அழைக்க எனக்கு உரிமை இல்லை. காவல் நிலையத்தில் வாங்க மறுத்த புகார், ஒரு வீடியோ பரவிய பிறகு வழக்காகப் பதிவானதையும் அறிவேன். அந்த நன்மையை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை, உடன் படித்தவர்களே சாதியின் பேரால் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதிக்கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் அறிக்கை தந்தது. நான் வேலை பார்த்த கடைசி ஆண்டுகளில் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் பையன்கள் அவிழ்த்துவிடுவார்கள். கைப்பேசியில் ஓடும் சாதிப் பெருமை வீடியோவை என்னால் அவிழ்க்க முடியவில்லை. ஒருவன் அதை ஒரு முறை பார்த்துவிட்டால் அதுவே அடுத்து பத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. உங்களுக்கு வாய் கொடுத்த அதே கருவி, உங்கள் தாத்தாவை வாசலில் நிறுத்தியவனின் பேரனுக்கு அரிவாளும் பின்னணி இசையும் கொடுக்கிறது. இரண்டிலும் அதற்கு விளம்பர வருமானம்.

நான் காக்கச் சொல்வது ஒரு சாதியின் திண்ணையை அல்ல. மூத்தவரும் இளையவரும் முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும் நேரத்தை. எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார், எந்த வயதில் அப்படி நடக்க மறுத்தார் என்று உங்கள் தாத்தா உங்களுக்குச் சொல்லியிருப்பார். அதைச் சொல்லும்போது அவர் நிறுத்திய இடங்களும் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் அதைச் சொல்ல ஒரு மாலை வேண்டும். அந்த மாலையை யார் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு தொழில்முனைவோர்: சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராமில் விற்றுத்தான் என் குடும்பம் நடக்கிறது. பெண்கள் சம்பாதிப்பதும் உங்களுக்குப் பிடிக்காதா?

உங்கள் உழைப்பை வணங்குகிறேன் அம்மா. இடைத்தரகர் இல்லாமல் உங்கள் சேலை வெளியூருக்குப் போகிறது என்றால் அது நல்ல காரியம். சந்தைக்கு நான் எதிரி அல்ல. சந்தைக்குக் கடையடைப்பு நேரம் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் தாத்தா காலத்துக் கடையில் இரவில் பலகை போட்டு மூடியிருப்பார்கள். அதுபோல ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சேலையைக் காட்டுங்கள், பார்வை கூடுகிறது என்பதற்காகக் குழந்தையைக் காட்டாதீர்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: இளைஞர்களை மட்டுமே குறை சொல்கிறீர்களே, காலை ஐந்து மணிக்கே வாட்ஸ்அப்பில் பொய்ச் செய்தி அனுப்புவது யார்?

நாம்தான். என் வயதுக்காரர்கள்தான். இதில் எனக்கு இளைஞர்கள் மீது இருப்பதைவிட அதிகக் கோபம் நம்மீதுதான் இருக்கிறது.

திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள் நின்றுவிடுகிறது, நாசாவே வியந்தது என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. பொய். 'ஜன கண மன'வை உலகின் சிறந்த தேசிய கீதமாக யுனெஸ்கோ அறிவித்தது என்பதும் பொய். படித்தவர்கள், வங்கியில் மேலாளராக இருந்தவர்கள் இதை அனுப்புகிறார்கள். நம் கோயிலுக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் அழுதுகொண்டு வந்து ஆறுதலோடு திரும்பிய இடம் என்பது போதாதா? பழமையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு பொய்யைப் பரப்புகிறவர், பேரன் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும் நாளில் கோயிலையும் சேர்த்தே இழக்கிறார்.

பொய் கொல்லவும் செய்யும். 2018 மே மாதம் குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் காரில் வந்தது ஒரு குடும்பம். குழந்தை கடத்தும் கும்பல் திரிகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். வழியில் ஊர்க் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் அந்தக் குடும்பத்து மூதாட்டி ஒருவர். ஊர் கூடி அடித்தது, அவர் இறந்துபோனார். ஊரில் இருந்த பெற்றோர் பயந்திருந்தார்கள், பயத்தை ஊட்டியது யாரோ அனுப்பிய செய்தி. நாடெங்கும் இப்படிச் சில கொலைகள் நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தண்ணீர் கொடுத்த ஊர்கள் இவை. விசாரித்துத்தான் கை ஓங்குவார்கள்.

கரூரிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு 13 வயது. கணக்குத் தொடங்க 13 போதும் என்று நிறுவனமே சொல்கிறது, எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்கிறாள். அனுமதிக்கலாமா?

அந்த 13 எந்த மருத்துவரும் ஆசிரியரும் சொன்ன வயது அல்ல. 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1998இல் ஒரு சட்டம் வந்தது. அதிலிருந்து பிறந்த எண் அது. முதிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் நாட்டில் 2023இல் இயற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்றே சொல்கிறது. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழ் கணக்கே கூடாது என்று 2024இல் சட்டம் இயற்றியிருக்கிறது.

எனவே இப்போது வேண்டாம் அம்மா. ஆனால் தனியாகச் சொல்லாதீர்கள். அவளுடைய நெருங்கிய தோழிகள் மூன்று பேரின் தாய்மார்களிடம் பேசுங்கள். நான்கு வீடுகள் சேர்ந்து காத்திருந்தால் 'எல்லோரும்' என்ற சொல் உடைந்துவிடும். நீங்களும் சோறு பரிமாறும்போது கைப்பேசியை அலமாரியில் வையுங்கள். அதைச் செய்யாமல் மகளிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

சென்னையிலிருந்து ஒருவர்: டிக்டாக்கைத் தடை செய்தபோது மகிழ்ந்தீர்களா?

2019 ஏப்ரலில் மதுரைக் கிளை தடை விதித்தபோது மகிழ்ந்தேன். அதே மாதம் அது நீங்கியது. 2020இல் மத்திய அரசு தடை செய்தபோது காரணம் நாட்டின் பாதுகாப்பு, பண்பாடு அல்ல. சில வாரங்களில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, பிறகு யூடியூபில் ஷார்ட்ஸ். கடையின் பெயர்ப்பலகைதான் மாறியது.

சேலத்திலிருந்து ஒரு மாணவி: நாங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது அவ்வளவு பெரிய குற்றமா?

குற்றம் இல்லை மகளே, இழப்பு. மரமும் மறமும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இப்போது கைப்பேசியிலும் கிடைக்கிறது. ஒரு வாரத்தில் கை பழகிவிடும். இணையத்தை நான் வெறுப்பதாக நினைக்காதீர்கள். 1998 முதல் மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களை ஊதியமின்றித் தட்டச்சு செய்து யாரும் படிக்கும்படி வைத்தார்கள். சேர்த்து வைக்கும் இணையம் அது. நான் அஞ்சுவது நொடிக்கு நொடி மறக்கச் செய்வதை.

பழனியிலிருந்து ஒரு பாட்டி: பேரன் பத்து நாள் விடுமுறைக்கு வருகிறான். வந்தால் கைப்பேசியை விட்டுத் தலை தூக்கமாட்டான். என்ன செய்வது?

முதல் நாளே பிடுங்காதீர்கள், அறிவுரையும் சொல்லாதீர்கள். வேலை கொடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கடைக்குப் போய்க் கணக்காகச் சில்லறை வாங்கி வருவது, வெங்காயம் உரிப்பது, எதுவானாலும் சரி. கண் எரியட்டும், பரவாயில்லை. பரணில் பல்லாங்குழிப் பலகை இருந்தால் இறக்கித் துடைத்துப் புளியங்கொட்டையோடு திண்ணையில் வைத்துவிட்டு, நீங்கள் தனியாகவே ஆட ஆரம்பியுங்கள். கூப்பிட வேண்டாம். அவன் அப்பா ஏழு வயதில் செய்த குறும்பு ஒன்று உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். முதல் நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு அதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தித் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிடுங்கள்.