மேரி கொல்வினும் சுகிர்தராஜனும்

"வணக்கம் ஐயா. நான் உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். வளாகத்தில் தொடர்பாடல் படிக்கிறேன். மேரி கொல்வினைப் பற்றி வாசித்ததிலிருந்து அவரைப் போல ஒரு சர்வதேச ஊடகவியலாளராக வேண்டும், புத்தகங்கள் எழுத வேண்டும் என்று ஆசை. கொழும்புக்குப் போவதா, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு முயற்சி செய்வதா? என் ஆங்கிலம் சுமார்தான். அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. திருகோணமலையில் இருந்துகொண்டு எழுத என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி"

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆங்கிலம் எழுத எழுத வரும். மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தால் போய்ப் படியுங்கள். அம்மாவை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். உங்கள் கடைசி வரிதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது.

லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையின் போர்ச் செய்தியாளர் கொல்வினைப் போல வர ஆசைப்பட்டது நல்ல ஆசை. 1999இல் கிழக்குத் திமோரில், டிலி நகரின் ஐ.நா. வளாகத்துக்குள் ஏறத்தாழ 1,500 பெண்களும் பிள்ளைகளும் சிக்கியிருந்தபோது, பெரும்பாலான செய்தியாளர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர் கிளம்பவில்லை. அங்கிருந்தே எழுதினார். 2001 ஏப்ரலில், செய்தியாளர்களுக்கு அரசு மூடி வைத்திருந்த வன்னிக்குள் போய், உணவும் மருந்தும் இல்லாமல் தவித்த நம் சனங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், குண்டுச் சிதறலில் இடது கண்ணை இழந்தார். 2012 பெப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில் எறிகணைக்குப் பலியானார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சுப்பிரமணியம் சுகிர்தராஜன் யார் என்று தெரியுமா?

ஊடகம் படிக்கிற பிள்ளை, திருகோணமலைப் பிள்ளை, உங்கள் கடிதத்தில் அவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. எனக்குக் கோபம்தான். உங்களை விட உங்களுக்குச் சொல்லித் தராத எங்கள் தலைமுறை மேல்தான் அதிகம். ஆனால் உங்களையும் விட மாட்டேன்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடற்கரையில் இருந்த மாணவர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுகிர்தராஜன் 'சுடர் ஒளி' தமிழ் நாளிதழின் திருகோணமலைச் செய்தியாளர். பிணவறைக்குப் போய் உடல்களைப் படம் எடுத்தார். படங்கள் பேப்பரில் வந்தன. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம். குண்டு வெடித்த கதை அத்தோடு முடிந்தது.

அந்தப் பேப்பர் வந்த காலையில் நான் மத்திய வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். கடைக்காரர் வழக்கமாகப் பேப்பரை மேசையில் பிரித்துப் போட்டிருப்பார். அன்றைக்கு அதை மடித்துக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். கேட்டவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தார். வாங்கியவர்கள் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வயதானவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மாணவர் கொலை வழக்கிலோ, சாட்சியம் போதாது என்று குற்றம் சாட்டப்பட்டிருந்த படைத்தரப்பினர் 13 பேரையும் 2019இல் நீதிமன்றம் விடுவித்தது.

சர்வதேசம், சர்வதேசம் என்கிறீர்களே, அந்த ஐந்து மாணவர்களின் கதை ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைச் சபை வரைக்கும் போனது யார் எடுத்த படங்களால்? கொல்வின் விமானம் ஏறி வந்து செய்த வேலையை இவர் தன் ஊர் ஆஸ்பத்திரியில் செய்தார். வேலை ஒன்றுதான்: சொல்லப்பட்டதை நம்பாமல் நேரில் போய்ப் பார்ப்பது. கொல்வினுக்குத் திரும்பிப் போக லண்டன் இருந்தது. இவருக்கு மறுநாளும் அதே தெரு, அதே சோதனைச்சாவடி. இதைச் சொல்வதால் கொல்வினின் பெருமை ஒரு இம்மியும் குறையாது.

எழுத என்ன இருக்கிறது என்கிறீர்கள். நம் ஊர்ச் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்ச் சேமிப்புக் குதங்கள் 99. அவற்றைப் பற்றி டெல்லியும் கொழும்பும் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அங்கே வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிற குடும்பத்திடம் போய் யாராவது கேட்டார்களா? உப்புவெளியிலிருந்து சீனக்குடாவுக்கு பஸ்ஸில் போய் வரலாம்.

போய்க் கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். யார் சொன்னது, எங்கே, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்.