பழைய மசில் கார், ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஏன் இத்தனை மோகம்?

"இன்றைய சாதாரண காரே அவற்றைவிட நன்றாக ஓடுகிறது. ஏசி கிடையாது, ஏர்பேக் கிடையாது, பெட்ரோலையும் குடிக்கும். அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பழைய கார்களில்?" என்பது கேள்வி.

வேகம்தான் கணக்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. 1962-இல் வந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் 1147 சிசி, 63 குதிரைத்திறன். நம் தெருவில் நிற்கும் ஸ்விஃப்ட்டில் இதைவிட அதிகம்.

என்னை இழுப்பது வேறு. இந்தக் கார்களில் பாதி, வீட்டுக் கார்களின் பிள்ளைகள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வருகிற காரை எடுத்து, யாரோ சேட்டை செய்ததில் பிறந்தவை.

மசில் கார், அதாவது சாதாரணக் காரில் பெரிய இன்ஜினைத் திணித்த அமெரிக்கக் கார், என்றதும் எல்லோரும் சொல்லும் பான்டியாக் ஜிடிஓவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இல் பான்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் எதுவும் ரேஸ் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் டெம்பஸ்ட் என்ற சாதுவான குடும்பக் காரில், பெரிய கார்களுக்கான 389 கன அங்குல வி8-ஐ (எட்டு சிலிண்டர் இன்ஜின்) தூக்கி வைத்தார்கள். கிட்டத்தட்ட 6.4 லிட்டர்! புது மாடலுக்குத்தான் மேலிட ஒப்புதல் வேண்டும், 'கூடுதல் வசதி'க்கு வேண்டாம் என்ற சந்தில் நுழைந்து 1964-இல் விற்பனைக்கும் விட்டார்கள். பெயரை ஃபெராரியிடமிருந்து சுட்டார்கள். முதல் வருடமே 32,450 கார்கள் போயின. நிறுத்துவதற்கு நான்கு சக்கரங்களிலும் அவ்வளவு வேகத்துக்குப் போதாத டிரம் பிரேக்தான், அது வேறு கதை. அதே 1964 ஏப்ரலில் 2,368 டாலருக்கு வந்த ஃபோர்ட் மஸ்டாங்கும் உள்ளுக்குள் பெரும்பாலும் ஃபால்கன் என்ற சிக்கனக் கார்தான்.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. ஸ்பிட்ஃபயர் விஷயம் அப்படியில்லை.

என் சிறுவயதில் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்தது. 1961-இலிருந்து சென்னையில் தயாரான கார் அது. இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டுதான், பெயர் மட்டும் மாற்றம். அதன் பானெட்டைத் திறந்தால் மட்கார்டும் விளக்கும் சேர்ந்து மூக்கு மொத்தமும் முன்பக்கமாக எழும்பும். முன்சக்கரங்கள் வெளியே தெரியும். மெக்கானிக் டயர்மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் டீ கிளாஸை வைத்துவிட்டு வேலை பார்ப்பார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் உத்தியோகம்.

ஹெரால்டு அப்படி அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதன் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953-இல் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. அதனால் தனி சேசிஸ் (அடிச்சட்டம்), அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டுகிற பாடி என்று போனார்கள். அப்போதே அது பழைய பாணி. ஆனால் துண்டுகளைக் கழற்றினால் வேறு எதையும் மாட்டலாமே! ஹெரால்டை வரைந்த இத்தாலியர் மிக்கலோட்டியே அந்த சேசிஸைக் குட்டையாக்கி, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்றை வரைந்தார். கம்பெனியிடம் பணமில்லை, மாதிரிக் கார் தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-இல் லேலண்ட் (நம் அசோக் லேலண்டில் இருக்கிற அதே லேலண்ட்) அந்த டிரயம்ப் கம்பெனியை வாங்கியபோது அது கண்ணில் பட்டுப் பிழைத்தது. அதுதான் ஸ்பிட்ஃபயர். 1980 வரை வந்தது.

வேலை விஷயமாகச் சில மாதங்கள் பர்மிங்காமில் இருந்தபோது, உடன் வேலை பார்த்தவர் தன் ஸ்பிட்ஃபயரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு போனார். உட்காரும்போதே ஏதோ பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இருந்தது. கையை நீட்டினால் ரோட்டைத் தொட்டுவிடலாம். மணிக்கு எண்பது கிலோமீட்டர்தான் போயிருப்போம், எனக்கு நூற்றைம்பது போலத் தோன்றியது. காற்று, பெட்ரோல் வாசனை, கியர் மாற்றும்போது தொடையில் ஏறும் அதிர்வு. புதுக் கார்கள் இதையெல்லாம் பணம் செலவழித்து மறைக்கின்றன. வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்பக்கமாக மடியும் என்று வேறு சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழியில் டீக்கு நிறுத்தியபோது, இன்ஜினைக் காட்டுகிறேன் என்று பானெட்டைத் தூக்கினார். மூக்கு மொத்தமும் முன்பக்கமாக எழும்பியது. அங்கேயே அப்பாவுக்கு போன் போட்டேன். ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு, கூரை கிடையாது என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"டயர்மேல உட்காரலாமாடா?"

"உட்காரலாம்ப்பா."

"அப்ப அது ஹெரால்டுதான். பார்த்து உட்காரு, பேன்ட்ல கிரீஸ் ஆகிடும்."