மகளுக்கு அகூஸ்டிக் டிரம்ஸ் செட் வாங்க வேண்டும்: புதிதா, பழையதா?

ஏற்காட்டில் வீடு, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளியில் ஒரு வருடமாக டிரம்ஸ் பழகுகிறாள், வீட்டில் பழக ஒரு செட் வேண்டும், கையில் 60,000 ரூபாய் இருக்கிறது, புதிதாக வாங்குவதா பழையதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழையதையே வாங்குங்கள். சேலம் ஆர்கெஸ்ட்ராக்களில் பதினெட்டு வருடம் டிரம்ஸ் வாசித்தேன். ஆடிப் பண்டிகை வந்துவிட்டால் கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கி அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று இரவுக்கு ஒரு மேடை. இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் பெற்றோரிடமும் இதையேதான் சொல்கிறேன்.

அந்தத் தொகைக்குப் புதிதாக வாங்கப் போனால் தொடக்க நிலை செட்தான் கிடைக்கும். பேர்ல் ரோட்ஷோ, மேபெக்ஸ் டொர்னாடோ மாதிரி. டிரம், ஸ்டாண்ட், பெடல், ஸ்டூல், சிம்பல் என்கிற உலோகத் தட்டு எல்லாம் ஒரே பெட்டியில் வரும். ஷெல், அதாவது டிரம்மின் வட்டமான உடம்பு, பாப்லர் மரம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அடி விழும் மேல்பரப்பான ஸ்கின் நல்லதாகப் போட்டால் நன்றாகவே பேசும். ஆனால் கூட வரும் சிம்பல் பெரும்பாலும் பித்தளை. தட்டினால் குடத்து மூடி கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம், அதோடு சரி. ஆறு மாதத்தில் பிள்ளைக்குக் காது தேறிவிடும். அப்போது அந்தச் சத்தம் பிடிக்காமல் போய், வாசிப்பதே குறையும். இதை என் மாணவர்களிடம் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதே பணத்துக்குப் பழையதில் ஒரு படி மேலே போகலாம். 1982-இல் வந்த பேர்ல் எக்ஸ்போர்ட், முழுக்க பிர்ச் மரத்தில் செய்த யமஹா ஸ்டேஜ் கஸ்டம், டாமா இம்பீரியல்ஸ்டார் எல்லாம் மேடை மேடையாக ஏறி இறங்கியும் தாங்கிய செட்டுகள். சேலத்தில் இப்போது இவை கிடைக்கக் காரணமும் உண்டு. ஆர்கெஸ்ட்ராக்கள் மின்னணு டிரம் பேடுக்கு மாறிவிட்டன. ஒரு ஸ்டாண்டில் பேடை மாட்டி வயரைச் செருகினால் கச்சேரி ஆரம்பம். வேனில் இடமும் மிச்சம். அதனால் நல்ல நல்ல செட்டுகள் பரண் மேலேயும் சபை ஸ்டோர் ரூமிலும் தூங்குகின்றன. இங்கே அமையாவிட்டால் பெங்களூரு ஒரு பகல் பயணம்தான். அங்கே பேண்ட் வைத்திருக்கும் பையன்கள் வேலை மாறும்போது விற்றுவிட்டுப் போவார்கள்.

ஆனால் பழையது வாங்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது. ஸ்கின் கிழிந்திருக்கிறதா? மாற்றலாம். ஸ்னேர் டிரம்மின் அடியில் சலசலக்கும் கம்பிகள் (ஸ்னேர் வயர்) துருப்பிடித்திருக்கிறதா, பெடல் ஸ்பிரிங் போய்விட்டதா, நட்டு நாலு காணோமா? எல்லாம் மாற்றலாம், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். வெளியே ஒட்டிய கலர் ஷீட்டில் கீறல் இருப்பதும் சத்தத்தைத் தொடாது. மாற்ற முடியாதவை மூன்று: ஷெல்லின் வட்டம், ஷெல்லின் விளிம்பு, சிம்பலின் உடம்பு.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் முதல் சொந்த செட், ஒரு கல்யாண மண்டபத்து ஸ்டோரில் இரண்டு வருடம் கிடந்தது. பார்க்கப் பளபளவென்று இருந்தது. விற்றவர் "ஸ்கின் மாத்தினா ஜம்முன்னு இருக்கும் தம்பி" என்றார். மாற்றினேன். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான பேஸ் டிரம் மட்டும் சுருதிக்கு நிற்கவே இல்லை. ஒரு பக்கம் இறுக்கினால் எதிர்ப்பக்கம் சுருங்கியது. இன்னொரு ஸ்கின் வாங்கி மாட்டினேன், அதுவும் அப்படியே. நாலு மாதம் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் எங்கள் தெருவில் இருந்த ஒரு தவில் வித்வான் வந்து பார்த்தார். ஸ்கின்னைக் கழற்றச் சொல்லி, டேப் எடுத்துக் குறுக்கே அளந்தார். ஒரு பக்கம் 55.4 சென்டிமீட்டர், இன்னொரு பக்கம் 54.7. ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த இரண்டு வருடமும் அதன் மேல் ஸ்பீக்கர் பாக்ஸை அடுக்கி வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. "கட்டை வட்டமா இல்லைன்னா தோலு என்னப்பா பண்ணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பலாக்கட்டையைக் குடைந்து செய்யும் தவிலுக்கும், மெல்லிய பலகைகளை ஒட்டி வளைத்துச் செய்யும் டிரம்முக்கும் இதில் வித்தியாசமே இல்லை.

அதனால் பார்க்கப் போகும்போது ஒரு இஞ்ச் டேப், ஸ்கின்னைக் கழற்றி மாட்டும் சாவியான ஒரு டிரம் கீ, ஒரு டார்ச் லைட் கொண்டு போங்கள். ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு பக்க ஸ்கின்னைக் கழற்ற விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள். கழற்றியதும் நான்கு திசையில் குறுக்களவு எடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் வேண்டாம். டேப் இல்லாமல் பார்க்கவும் வழி இருக்கிறது. ஸ்கின்னை ஷெல் மேல் சும்மா வைத்து விரலால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் பிடித்தால் அங்கே வட்டம் கெட்டிருக்கிறது.

அடுத்தது விளிம்பு. ஸ்கின் உட்காரும் அந்த முனையை டிரம்மர்கள் பேரிங் எட்ஜ் என்போம். சாய்வாகச் சீவி, நெல்மூக்கு மாதிரி கூராக வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஒரு சுற்று மெதுவாக ஓட்டுங்கள். பள்ளம், சிலாம்பு, நசுங்கல் எதுவானாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு டாமை (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்களை டாம் என்போம்), கழற்றிய பக்கம் கீழே வரும்படி சமையலறைக் கிரானைட் மேடையில் கவிழ்த்து வையுங்கள். நம் பக்கத்தில் கிரானைட் மேடை இல்லாத வீடு ஏது? ஓரத்தில் அழுத்தினால் ஆடக் கூடாது. ஆடாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே டார்ச்சை எரியவிட்டுச் சுற்றிப் பாருங்கள். விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்த இடத்தில் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. மயிரிழை வெளிச்சம் பெரிதில்லை. ஒரு நகக்கனம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஆசாரியிடம் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கோணம் சுற்றிலும் ஒரே மாதிரி வர வேண்டும். உளியும் இழைப்புளியும் அதற்கு உதவாது.

ஷெல்லின் உள்பக்கத்தையும் பாருங்கள். பலகைகள் ஒட்டிய இடத்தில் பிரிந்திருந்தால் விரல் நகத்தால் தட்டும்போது பொக்கென்று கேட்கும். வெள்ளைப் பூஞ்சை, நீர்க்கறை இருந்தால் எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். பிறகு ஸ்கின்னை இறுக்கும் திருகுகளான டென்ஷன் ராடுகள் ஒவ்வொன்றையும் கீ இல்லாமல் விரலாலேயே சுற்றுங்கள். உள்ளே இறங்காமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் மரை தேய்ந்துவிட்டது. ஒன்றிரண்டு என்றால் ராடு போய் மாட்டும் லக்கை மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது சிம்பல். உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்கச் சொல்வேன். டிரம்மின் சத்தத்தை ஸ்கின்னாலும் சுருதியாலும் எவ்வளவோ மாற்றிவிடலாம். சிம்பல் எப்படிப் பிறந்ததோ அப்படித்தான். வார்த்த உலோகம்தான் அதன் குரல். செம்பு 92, வெள்ளீயம் 8 என்ற விகிதத்தில் செய்தவை பி8. செம்பு 80, வெள்ளீயம் 20 என்றால் பி20. பி20 நம் கோயில் மணிக்குப் பங்காளி. கோயில் மணியும் ஏறக்குறைய இதே கலவைதான். அதனால்தான் தட்டிய பிறகும் வெகுநேரம் நின்று பேசும். 1623-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் தொடங்கிய ஜில்ட்ஜியன் குடும்பம் இன்றும் பி20-ஐ வார்க்கிறது. அந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்து 1981-இல் கனடாவில் தொடங்கியதுதான் சேபியன். பி20 பழையதாகக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் புதிய பி8 போதும். பித்தளை மட்டும் வேண்டாம்.

எல்லா சிம்பலையும் ஒரே தரத்தில் வாங்க முடியாது என்றால், காலால் மூடித் திறக்கும் ஜோடியான ஹை-ஹாட்டுக்கு முதலிடம் கொடுங்கள். வாசிப்பில் பாதி நேரம் குச்சி அதன் மேல்தான் இருக்கும். அடுத்தது தாளத்தைத் தொடர்ந்து தட்டும் பெரிய சிம்பலான ரைடு. அழுத்தம் கொடுக்க ஓங்கி அடிக்கும் கிராஷ் கடைசி.

வெள்ளீயம் கூடக் கூடக் குரல் கூடும், ஆனால் உடம்பு நொறுங்கும் தன்மையும் கூடும். மண்பானை வாங்கும்போது அம்மா ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகை விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? அதையே செய்யுங்கள். நடுத் துளையில் ஒரு கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் விளிம்பில் தட்டுங்கள். நல்ல சிம்பலில் ஓசை ஒரே இழையாக நீளும். விரிசல் இருந்தால் அடியில் ஒரு 'ஸ்ர்ர்' கூடவே வரும். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் இது காட்டிக்கொடுக்கும். பிறகு விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டுங்கள். நடுத்துளை வட்டமாக இல்லாமல் சாவித்துளை மாதிரி நீண்டிருந்தால், ஸ்டாண்டில் பிளாஸ்டிக் குழாய் போடாமல் வருடக்கணக்கில் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு விலையைக் குறைக்கலாம். விரிசலுக்குக் குறைத்தும் வாங்காதீர்கள், அது வளர்ந்துகொண்டே போகும். பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதைப் புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. பழைய மேடை செட்டுகளில் 22 இஞ்ச் பேஸ் டிரம், அதன் மேல் 12, 13 இஞ்ச் டாம்கள், தரையில் 16 இஞ்ச் இருக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு டாம்கள் தோள் உயரத்துக்குப் போய்விடும். எட்டி எட்டி அடித்துத் தோள்பட்டை வலி வரும். 20 இஞ்ச் பேஸ் டிரம்மோடு 10, 12, 14 இஞ்ச் டாம்கள் கிடைத்தால் அவளுக்கு அமைப்பாக இருக்கும். அமையாமல் 22 தான் வந்தாலும், 10, 12 இஞ்ச் டாம்கள் இருந்தால் தாழ்த்தி வைத்துச் சமாளிக்கலாம்.

செட் வீட்டுக்கு வந்ததும் மேல் ஸ்கின் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். ரெமோ, எவான்ஸ் இரண்டில் எது கிடைத்தாலும் சரி. டாமுக்கு இரட்டைப் படலம், ஸ்னேருக்கு வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றைப் படலம். இறுக்கும்போது கார் டயர் மாட்டுகிற மாதிரி எதிரெதிர் நட்டாக, அரை அரைச் சுற்றாக முறுக்க வேண்டும். வரிசையாக முறுக்கினால் ஸ்கின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

ஏற்காடு என்பதால் ஈரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சேலத்தில் பத்து வருடம் கெடாத குரோமியம் 1,500 மீட்டர் உயரத்தில் இரண்டே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்தால் மேகமே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. செட்டை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தரையில் பலகையோ தடித்த கம்பளமோ போட்டு அதன் மேல் வையுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்திப் போர்வை போதும். ராடுகளைக் கழற்றித் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். வெயில் வந்த நாளில் அறையைத் திறந்து வையுங்கள். செட்டை வெயிலில் வைக்காதீர்கள்.

சத்தமும் முக்கியம். மலையில் சத்தம் எதிர்ச்சரிவு வரை போகும். பக்கத்து வீடுகளிடம் நேரத்தை முன்பே பேசிவிடுங்கள். அதைவிட முக்கியம் பிள்ளையின் காது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வகுத்த வரம்புப்படி 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் 15 நிமிடம்தான். மூடிய அறையில் டிரம்ஸ் அதைச் சாதாரணமாகத் தாண்டும். கட்டட வேலைக்காரர்கள் போடும் காதுக் கவசம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். முதல் நாளிலிருந்தே போட்டுப் பழக்குங்கள். என் வலது காதில் இருபது வருடமாக ஒரு ரீங்காரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

ஏற்றிக்கொண்டு போகும்போது 20 கொண்டை ஊசி வளைவையும் நினைத்துக் கட்டுங்கள். சிம்பல்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடாமல் நடுவில் துண்டு வைத்துச் சுற்றி, சீட்டின் மேல் படுக்கையாக வையுங்கள். பேஸ் டிரம்முக்குள் எதையும் திணிக்காதீர்கள், அதன் மேல் எதையும் ஏற்றாதீர்கள்.

முடிந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு செட் பார்க்கப் போங்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பெடலை மிதித்து, எல்லா டிரம்மையும் எட்டித் தொட்டுப் பார்க்கட்டும். அஸ்தம்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் 20 இஞ்ச் பேஸ் டிரம்மோடு ஒரு ஸ்டேஜ் கஸ்டம் விற்க வைத்திருக்கிறார். நான் இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இறங்கி வருவதாக இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், டேப்பும் டார்ச்சும் நான் கொண்டு வருகிறேன்.