மூளைக்கு வயதாகும்போது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு வயது 63. நன்கு பழகியவரின் பெயர்கூடச் சில சமயம் நாவின் நுனியிலேயே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து, வேறு வேலையில் இருக்கும்போது தானாக நினைவுக்கு வருகிறது. என் தாயார் முதுமையில் மறதிநோயால் துன்பப்பட்டவர். எனக்கும் அது தொடங்கிவிட்டதா?

பதில்: பெயர் பிறகு தானாக வந்துவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. பதிந்த செய்தி அழியவில்லை, அதை வெளியே எடுக்கத்தான் கூடுதல் நேரம் ஆகிறது. நடுவயதைத் தாண்டிய பிறகு, மூளை செய்திகளைக் கையாளும் வேகம் குறைவது தலை நரைப்பதைப் போன்ற இயல்பான மாற்றம். வார்னர் ஷாயி என்ற உளவியலாளர் 1956இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கி, ஏழாண்டுகளுக்கு ஒருமுறை அதே மனிதர்களை மீண்டும் வரவழைத்துச் சோதித்த நீண்ட ஆய்வில், பெரும்பாலான அறிவுத்திறன்கள் அறுபது வயது வரை குறிப்பிடத்தக்க அளவில் சரிவதில்லை என்பதும், சொல்வளம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நிலைத்திருக்கிறது என்பதும் தெரியவந்தன.

கவலைப்பட வேண்டிய மறதி வேறு வகையைச் சேர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பது, பல ஆண்டுகள் நடந்து பழகிய வழியில் திகைத்து நிற்பது, வழக்கமாகப் பார்த்துவந்த வரவுசெலவுக் கணக்கு பிடிபடாமல் போவது ஆகியவற்றை மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். இவற்றைப் பெரும்பாலும் உடனிருப்பவர்களே முதலில் கவனிக்கிறார்கள். மறந்தவருக்கு மறந்ததே தெரிவதில்லை.

தாயாருக்கு முதுமையில் இந்நோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு ஓரளவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் வந்தே தீரும் என்று பொருளில்லை. மனம் அமைதி பெறுவதற்காகவேனும் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகிய மூன்றும் மறதிநோயைப் போலவே தோற்றம் தரும். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் பழைய வகை மாத்திரைகளும் முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடியவை என்பதால், இப்போது சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்வது நல்லது.

கேள்வி: தினமும் குறுக்கெழுத்துப் புதிரும், கைப்பேசியில் மூளைப்பயிற்சி விளையாட்டும் ஆடிவருகிறேன். இவை மூளையைக் காக்குமா?

பதில்: ஆடுவது பிடித்திருந்தால் ஆடுங்கள். ஆனால் அதைக் காப்பீடாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரை வைத்து நடத்தப்பட்ட ‘ஆக்டிவ்’ என்ற ஆய்வில், தர்க்கத்துக்கும் செயல்வேகத்துக்கும் பயிற்சி பெற்றவர்களிடம் அந்தத் திறன்களின் பயன் பத்தாண்டுகள் கழித்தும் எஞ்சியிருந்தது. நினைவாற்றல் பயிற்சி பெற்றவர்களிடம் அது அத்தனை காலம் நீடிக்கவில்லை. அதாவது, எதில் பயிற்சி பெறுகிறோமோ அதில் தேறுகிறோம். அது மற்றத் திறன்களுக்குப் பரவுவது அரிது. இதை மறைத்து, முதுமை மறதியையே தள்ளிப்போடலாம் என்று விளம்பரம் செய்த ஒரு விளையாட்டு நிறுவனம், 2016இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

உண்மையிலேயே கடினமான, புதிதான ஒன்றைக் கற்பது வேறு. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெறுவதற்குச் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும். அவர்களது மூளையில் இடநினைவைத் தாங்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை நரம்பியல் ஆய்வாளர் எலினார் மக்வயர் 2000இல் கண்டறிந்தார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தேர்வில் வென்றவர்களிடம் மட்டுமே அந்த வளர்ச்சி காணப்பட்டது. அவர்கள் வேறு சில நினைவுச் சோதனைகளில் சற்றுப் பின்தங்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூளையும் எதையோ கொடுத்துத்தான் எதையோ பெறுகிறது போலும்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 74. காது சரியாகக் கேட்பதில்லை. கருவி வாங்கிக் கொடுத்தும் அதைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். காது கேளாமைக்கும் மறதிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. மூளை நலம் குறித்த அண்மைக்கால ஆய்வுகளில், சாதாரணக் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி இதுவே என்பது என் கருத்து. ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த குழு, 2024இல் வெளியிட்ட அறிக்கையில் மறதிநோய்க்கான 14 காரணிகளை நாம் மாற்றக்கூடியவை என வகைப்படுத்தியது. அவை அனைத்தையும் நீக்க முடிந்தால், உலகில் சுமார் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. பட்டியலில் அதிகப் பங்கு வகிப்பவை இரண்டு: கெட்ட கொழுப்பும் காது கேளாமையும், ஒவ்வொன்றும் 7 சதவீதம்.

காதுக்கும் நினைவுக்கும் என்ன உறவு என்பதற்கு விளக்கங்கள் சில உண்டு. அரைகுறையாகக் கேட்ட சொற்களை ஊகித்து நிரப்புவதிலேயே மூளையின் உழைப்பு செலவாகிவிடுவதால், கேட்டதைப் பதியவைக்க மிச்சம் இருப்பதில்லை. அதைவிட முக்கியமானது தனிமை. எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது, பேச்சு புரியாமலேயே தலையசைத்துச் சிரிக்கும் பெரியவர், நாளடைவில் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறார். பேச்சு குறையக் குறைய மூளைக்கு வேலையும் குறைகிறது.

2023இல் வெளியான ‘அச்சீவ்’ ஆய்வில், 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேர் மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால், கருவி அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஏற்கெனவே மறதிநோய்க்கான வாய்ப்பு அதிகமுள்ள பிரிவினரிடம், அறிவுத்திறன் சரியும் வேகம் கருவியால் 48 சதவீதம் குறைந்தது. ஆகவே கருவி எல்லோருக்கும் மந்திரமன்று. தேவைப்படுவோருக்குப் பெரும் உதவி.

உங்கள் தந்தை கருவியை ஒதுக்குவதற்கு வீம்பு காரணமாக இருக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் மெல்லிய ஒலிகளை மறந்திருந்த காதுக்குள் பாத்திரம் உரசும் சத்தமும், செய்தித்தாள் புரட்டும் சத்தமும் திடீரென ஊசியாய் நுழையும்போது எவரும் கருவியைக் கழற்றி எறியவே விரும்புவார். முதலில் அமைதியான அறையில், ஒரே ஒருவருடன் பேசும்போது மட்டும் அணியச் சொல்லுங்கள். நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஒலியளவைத் திருத்தி அமைக்க மீண்டும் மீண்டும் நிபுணரிடம் போக வேண்டியிருக்கும். அந்தப் பயணங்களுக்குத் துணை செல்லுங்கள்.

கேள்வி: முதுமையிலும் புதிய மூளைச் செல்கள் உருவாகுமா?

பதில்: இதில் அறிவியலாளர்களிடையே நீண்ட வழக்கு நடந்துவருகிறது. உருவாகும் என்பதற்கு 1998இல் முதல் சான்று வந்தது. 2018இல் ஓர் ஆய்வுக் குழு பெரியவர்களிடம் அப்படி எதுவும் இல்லை என்றது. அடுத்த மாதமே மற்றொரு குழு 79 வயது வரை உருவாவதைக் கண்டதாக அறிவித்தது. 2025இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள், புதிய நியூரான்களாக, அதாவது நரம்புச் செல்களாக, மாறக்கூடிய பிரியும் செல்களைப் பெரியவர்களின் ஹிப்போகேம்பஸில் அடையாளம் கண்டார்கள். ஆனால் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்றில் ஐயமில்லை: இருக்கும் செல்களுக்கிடையிலான இணைப்புகள் எந்த வயதிலும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

கேள்வி: நினைவாற்றலைக் கூட்டும் மாத்திரைகள் பயன் தருமா?

பதில்: குறைபாடு இருந்தால் அந்தச் சத்து பயன் தரும், இல்லையென்றால் பணம்தான் கரையும். மிகவும் புகழ்பெற்ற கிங்கோ இலைச் சாற்றை 3,069 முதியவர்களிடம் சோதித்து, அது மறதிநோயைத் தடுக்கவில்லை என்று 2008இலேயே அறிவித்துவிட்டார்கள்.

கேள்வி: அல்சைமருக்குப் புதிய மருந்து வந்துவிட்டது என்று படித்தேன். இனி அஞ்ச வேண்டியதில்லை அல்லவா?

பதில்: மறதிநோயின் மிகப் பரவலான வகைதான் அல்சைமர். அமெரிக்காவில் 2023இல் முழு ஒப்புதல் பெற்ற லெக்கானமாப் என்ற மருந்து, மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றுகிறது. நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களிடம் 18 மாதங்களில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. சரிவை நிறுத்தவில்லை, இழந்ததை மீட்கவுமில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமோ சிறு இரத்தக்கசிவோ ஏற்படுவதால், அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தோல்வியே கண்ட துறையில் இது பெரிய முன்னேற்றம்தான். நோயாளியின் குடும்பத்தார் கண்ணுக்கு அது எவ்வளவு தெரியும் என்பது வேறு கேள்வி.

இதைவிடக் குறைந்த ஆரவாரத்துடன் வந்த முடிவொன்றை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 50 வயதைக் கடந்த, உயர் இரத்த அழுத்தமுள்ள 9,361 பேரிடம் நடந்த ஆய்வில், மேல் அழுத்தத்தை 140க்குப் பதிலாக 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களிடம், மறதிநோய்க்கு முந்தைய நிலையான லேசான அறிவுத்திறன் குறைவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 19 சதவீதம் குறைந்திருந்தது. முழு மறதிநோயைப் பொறுத்தவரை உறுதியான முடிவு கிடைக்கவில்லை. அழுத்தத்தை மிகவும் தாழ்த்தினால் எழும்போது தலைசுற்றி விழுகிற முதியவர்களும் உண்டு என்பதால், உங்களுக்கு ஏற்ற அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அளப்பதாக இருந்தால், ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, கையை நெஞ்சின் மட்டத்தில் தாங்கலாக வைத்து, பேசாமல் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் எடுத்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.